மூடாத கண் பிறந்த கதை

லண்டனில் தலைமுறை தலைமுறையாக மேடையேறிய குடும்பம் அது. அந்த வீட்டுப் பெண் ஐடா லுபினோ 1933-இல் ஹாலிவுட்டுக்கு வந்து இறங்கியபோது வயது 15. மறு வருடமே இளம்பிள்ளை வாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. எழுந்து நடக்க முடிந்தது அதிர்ஷ்டம்தான். ஆனால் உடம்பை மட்டுமே நம்பிக் காலம் தள்ள முடியாது என்பது அப்போதே மனதில் விழுந்துவிட்டது. அந்தப் பாடம் கைகொடுக்க இன்னும் 15 வருடம் இருந்தது.

1940-இல் ‘தே டிரைவ் பை நைட்’ வந்தது. கணவனைக் கொன்றுவிட்டு நீதிமன்றத்தில் புத்தி பேதலித்துக் கத்துகிற பாத்திரம். அந்த ஒரு காட்சியில் படத்தையே தூக்கிச் சாப்பிட்டார் லுபினோ. வார்னர் பிரதர்ஸ் உடனே ஒப்பந்தம் போட்டது. அடுத்த வருடம் ‘ஹை சியரா’வில் நடிகர் ஹம்ஃப்ரி போகார்ட்டின் பெயருக்கு மேலே அவர் பெயர். அதோடு ஏறுமுகம் நின்றது. நட்சத்திர நடிகை பெட்டி டேவிஸ் வேண்டாமென்று தள்ளிய வேடங்கள் இவரைத் தேடி வர ஆரம்பித்தன. தன்னை ‘ஏழைகளின் பெட்டி டேவிஸ்’ என்று தானே கேலி செய்துகொண்டார். பிடிக்காத வேடங்களை மறுத்தார். மறுத்தால் தண்டனை உண்டு: சம்பளம் கிடையாது, வேறு கம்பெனியில் நடிக்கவும் கூடாது.

வேறு நடிகையாக இருந்தால் கடற்கரைக்குப் போயிருப்பார். லுபினோ படப்பிடிப்புத் தளங்களுக்குப் போனார். விளக்கை எங்கே வைக்கிறார்கள், எடிட்டிங்கில் எதை வெட்டுகிறார்கள் என்று ஓரமாக நின்று பார்த்தார். சம்பளமில்லாத அந்த நாட்கள் எதற்கு உதவும் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

1949. வார்னரை விட்டு வெளியே வந்து, கணவர் காலியர் யங்குடன் சேர்ந்து சொந்தப் படம் எடுக்கத் துணிந்திருந்தார். ‘நாட் வான்டட்’, மணமாகாமல் தாயாகும் ஒரு பெண்ணின் கதை. இயக்குநர் எல்மர் கிளிஃப்டன், மௌனப்படக் காலத்து ஆள். படப்பிடிப்பு தொடங்கிய சில நாட்களிலேயே அவருக்கு மாரடைப்பு வந்தது. இன்னொரு இயக்குநருக்குக் கொடுக்கக் கையில் காசில்லை. திரைக்கதையில் பங்கிருந்த லுபினோவே கேமராவுக்குப் பின்னால் போய் நின்றார். படத்தை முடித்தும் கொடுத்தார். ஆனாலும் திரையில் இயக்குநர் என்று கிளிஃப்டன் பெயரையே போட்டார். அடுத்த படத்திலிருந்து அப்படி ஒளிந்துகொள்ள அவசியம் இருக்கவில்லை.

இதற்கிடையில் பில்லி குக் என்ற இளைஞன் அமெரிக்காவைக் கதிகலங்க வைத்தான். லிஃப்ட் கேட்டு ஏறி, ஏற்றியவர்களையே சுடுவது அவன் வழக்கம். 1950 கடைசியில் ஆரம்பித்துச் சில வாரங்களுக்குள் ஆறு உயிர்கள். வேட்டைக்குப் போன இரண்டு பேரைப் பிடித்து வைத்துக்கொண்டு மெக்சிகோவுக்குள் நுழைந்தவன், சாந்தா ரொசாலியாவில் சிக்கினான். அவனுடைய வலது கண் இமை பிறவியிலேயே சரியாக மூடாது. மரண தண்டனைக்குக் காத்திருந்த அவனைப் பார்க்க சான் குவென்டின் சிறைக்கே போனார் லுபினோ.

கதையைப் படமாக்க அவன் ஒப்புக்கொண்டான். ஆனால் தணிக்கை குறுக்கே நின்றது. உயிரோடிருக்கும் பேர்போன குற்றவாளியின் கதையைப் படமாக்கக் கூடாது என்பது அன்றைய விதி. சிறைத்துறையும் எதிர்த்தது. லுபினோ பெயரை மாற்றினார், கொலைகளைக் குறைத்தார். கண்ணை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

1952 கோடையில் கலிஃபோர்னியாவின் லோன் பைன் பாறைகளுக்கிடையே படப்பிடிப்பு. திரைக்கதையில் லுபினோவுக்குக் கூட்டு அதே காலியர் யங். முந்தின வருடமே விவாகரத்து ஆகியிருந்தது. ஆனாலும் தொழில் கூட்டு தொடர்ந்தது! ஒளிப்பதிவு நிக்கோலஸ் முசுராகா, ‘அவுட் ஆஃப் த பாஸ்ட்’ படத்தின் இருட்டை உருவாக்கியவர். நுவார் எனப்படும் இருண்ட குற்றக்கதைப் படம் என்றால் ஆணைக் கவிழ்க்க ஓர் அழகி வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். அந்த வகைப் பெண்களாக நடித்தே பெயர் வாங்கிய லுபினோ, தன் நுவாரில் கதாநாயகியே இல்லாமல் செய்துவிட்டார். ஒரு கார், மூன்று ஆண்கள், ஒரு துப்பாக்கி. இரவில் திறந்த வெளியில் மூவரும் படுக்கிறார்கள். ஒரு கண் மூடாது, அதனால் தான் தூங்குவது உங்களுக்குத் தெரியாது என்கிறான் கொலைகாரன். மற்ற இருவரும் அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார்கள். ஓடலாமா, கூடாதா? கொலைகாரனாக நடித்த வில்லியம் டால்மனின் முகத்தில் அந்தக் கண் செய்யும் வேலையைப் பத்துத் துப்பாக்கிகள் செய்யாது.

1952 டிசம்பர் 12 அன்று குக்குக்கு மரண தண்டனை நிறைவேறியது. மூன்று மாதம் கழித்து, 1953 மார்ச்சில், படம் திரைக்கு வந்தது: ‘தி ஹிட்ச்-ஹைக்கர்’.

பிரதான ஹாலிவுட்டில் ஒரு பெண் இயக்கிய முதல் நுவார் படமாக இன்று சொல்லப்படுவது அதுதான். 1998-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம் பிடித்தது. காப்புரிமையை யாரும் புதுப்பிக்காமல் விட்டதால் படம் பொதுச்சொத்தாகிவிட்டது. 71 நிமிடப் படம், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம்.