புகார்தாரரே நீதிபதி

1857 மே 11. மீரட்டில் கிளர்ச்சி செய்த சிப்பாய்கள் டெல்லிக்குள் புகுந்த அன்று, நகரின் இணை மாஜிஸ்திரேட் சர் தியோஃபிலஸ் மெட்காஃப் உயிர் பிழைத்ததே பெரும்பாடு. பஹார்கஞ்ச் காவல் நிலைய அதிகாரி (தானேதார்) முயினுத்தீன் ஹசன் கான் அவரை ஒளித்துவைத்துத் தப்பிக்க வழிசெய்தார். ஜஜ்ஜர் நவாப் அப்துர் ரஹ்மான் கானோ அடைக்கலம் தர மறுத்துவிட்டார். யமுனைக் கரையில் மெட்காஃபின் தந்தை கட்டிய மெட்காஃப் ஹவுஸ் சூறையாடப்பட்டு எரிந்தது.

செப்டம்பரில் ஆங்கிலேயர் டெல்லியை மீண்டும் பிடித்தார்கள். மெட்காஃப் திரும்பி வந்தார், நீதி வழங்க! கிளர்ச்சியை ஒடுக்க அவசர அவசரமாக இயற்றிய சட்டங்கள் கைவசம் இருந்தன. அவற்றின்கீழ் நியமிக்கப்பட்ட கமிஷனர் ஒருவர் மரண தண்டனை விதித்தால் விதித்ததுதான், அப்பீல் கிடையாது. பாதிக்கப்பட்டவர், புகார் சொல்பவர், தீர்ப்பு எழுதுபவர் எல்லாம் ஒருவரே என்றால் தீர்ப்பு எப்படி இருக்கும் என்று கேட்கவும் வேண்டுமா?

எரிந்த வீட்டில் மிஞ்சிய கரிந்த உத்திரங்களைக் கொண்டே வீட்டு வளாகத்தில் தூக்குமரம் நாட்டினார் மெட்காஃப். கிளர்ச்சியில் பங்கு இருக்கும் என்று அவருக்குப் பட்டாலே போதும், கயிறுதான். ஜஜ்ஜர் நவாபை ராணுவக் கமிஷன் விசாரித்து டிசம்பரில் தூக்கிலிட்டது. அதிலாவது விசாரணை என்ற பெயருக்கு ஒன்று நடந்தது.

மெட்காஃபின் பெயர் ஊரில் எப்படிப் பரவியிருந்தது என்பதற்கு, அப்போது டெல்லிக்கு வந்த கூப்லண்ட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி ஒரு சம்பவத்தை எழுதிவைத்திருக்கிறார். நகை விற்க வந்த வியாபாரி விலையைக் கூட்டிச் சொல்ல, வாங்க இருந்த துரைசானி, 'மெட்காஃப் சாகிபிடம் அனுப்பிவிடுவேன்' என்றாராம். நகைகளை அப்படியே போட்டுவிட்டு ஓடிய அந்த ஆள், பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை. எழுதியவருக்கு இது வேடிக்கைக் கதை. போட்டுவிட்டு ஓடிய நகைகள் யாரிடம் போயினவோ!

1858 தொடக்கத்தில் டெல்லி, பஞ்சாப் நிர்வாகத்தின்கீழ் வந்தது. அதன் தலைவர் ஜான் லாரன்ஸ், சிவில் அதிகாரிகள் இஷ்டத்துக்குத் தூக்கில் போடுவதை நிறுத்தினார். மெட்காஃபின் அதிகாரம் பறிபோனது. விடுப்பில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்.

தூக்குக்குத் தப்பிய கைதிகளுக்கு அந்தமான் காத்திருந்தது. 1858 மார்ச்சில் முதல் 200 பேருடன் போர்ட் பிளேரில் இறங்கிய கண்காணிப்பாளர் வாக்கர், தப்பியோடிப் பிடிபட்ட எண்பதுக்கும் மேற்பட்டோரைச் சில வாரங்களிலேயே தூக்கிலிட்டார்.

மெட்காஃபைக் காப்பாற்றிய முயினுத்தீன் பின்னாளில் தன் நினைவுகளை எழுதினார். அதை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் ஒரு மெட்காஃப்தான். 1898இல் அது நூலாக வெளிவந்தது. தூக்குமரம் நாட்டியவரோ 1883 வரை வாழ்ந்து, சர் பட்டத்தோடும் சி.பி. விருதோடும் இறந்தார்.