கும்மந்தானும் கமாண்டோவும்

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பாசஞ்சர் ரயில் கிள்ளையில் நின்று கிளம்பினால் அடுத்தது பரங்கிப்பேட்டை. போர்த்துக்கீசியரும் அவர்களுக்குப் பின் டச்சுக்காரரும் கடை விரித்த துறை. அலமாரி, சாவி, ஜன்னல் எல்லாம் போர்த்துக்கீசியம் தந்தவை. கக்கூசு டச்சு தந்தது. ‘கமாண்டோ’வும் இவ்விரு மொழிகளில் புழங்கிய சொல்தான். ஆனால் நேரே நம்மிடம் வராமல் தென்னாப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தது.

வேர், லத்தீனில் ‘மாந்தாரே’: கையில் கொடுத்தல், ஒப்படைத்தல். ஒப்படைத்தது ஆணையாகி, ஆணைக்குட்பட்ட படையாகவும் ஆயிற்று. அங்கே கேப் பகுதியின் டச்சுக் குடியானவர்களான போயர்கள், களவுபோன மாடுகளை மீட்கக் குதிரையேறித் திரண்ட கூட்டத்தை ‘கொமாண்டோ’ என்றார்கள். ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை என்பது நம் புறத்திணை. அந்தக் கணக்கில் கமாண்டோ பிறப்பால் கரந்தை மறவன். யார் நிலத்தில் யார் மாடு என்பது தனி வழக்கு.

கமாண்டோ மாட்டை விட்டு ரயிலைப் பிடித்தது, ஆங்கிலேயரோடு நடந்த 1899-1902 போயர் போரில். துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்கு நீண்ட இருப்புப்பாதைதான் ஆங்கிலப் படைக்குச் சோறும் குண்டும் கொண்டுபோனது. போயர் கொமாண்டோக்கள் அதன் மேல் கை வைத்தார்கள். 1900 ஜூன் 7 அன்று போயர் தளபதி டி வெட் ரூடேவால் நிலையத்தைப் பிடித்து, அங்கே குவிந்திருந்த சரக்கைக் கொளுத்தினார். பாதைகளைக் காக்க ஆங்கிலத் தளபதி கிச்சனர் ஏறத்தாழ 8,000 காவல் கொத்தளங்கள் கட்ட வேண்டியதாயிற்று. அதே போரில், நேட்டாலில் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர். பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். தமிழ்க் காதுகள் இச்சொல்லை அங்கேயே கேட்டிருக்கும்.

1899 நவம்பர் 15 அன்று போயர்கள் ஒரு கவச ரயிலைத் தடம்புரளச் செய்தபோது, அதில் வந்து சிறைப்பட்ட பத்திரிகையாளர் சர்ச்சில். 1940இல் அவர் பிரதமர். ஜெர்மானியர் வசமிருந்த கரைகளில் பாய்ந்து தாக்க அப்போது திரட்டிய படைக்குப் பழைய எதிரியின் பெயரையே எடுத்துக் கொடுத்தவர், டிரான்ஸ்வாலில் பிறந்த படை அதிகாரி டட்லி கிளார்க். பிறகு படையின் பெயர் தனிவீரனின் பெயராகவும் சுருங்கியது.

இப்படிப் பதுங்கித் தாக்கும் படையைத் தமிழில் ‘கரந்தடிப்படை’ என்பதுண்டு. அதிலிருப்பது மறைதலைக் குறிக்கும் ‘கர’. கரந்தைப் பூ அல்ல. அதே லத்தீன் வேரின் இன்னொரு பிள்ளையோ முன்பே இங்கு வந்துவிட்டான்: 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட கான்சாகிபு, ஊர்வாயில் கும்மந்தான், அதாவது ‘கமாண்டன்ட்’. ‘கையில் கொடுத்தல்’ என்ற வேரில் கொடுத்த கை கும்மந்தான். வாங்கிய கை கமாண்டோ.