சித்தி பார்த்துக்கொண்ட வீடு

செப்டம்பர் 5 வந்தால் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் பெருமை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அரக்கோணத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாத திருத்தணியில் 1888இல் பிறந்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவர் குடியரசுத் தலைவரான 1962இலிருந்து அவருடைய பிறந்த நாள் ஆசிரியர் தினம். 'நம்ம ஊர்க்காரர்' என்று தொடங்காத உரை எங்கள் வட்டாரத்தில் அன்று இருக்காது. 1960 வரை திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது என்பதையோ, அவருடன் வாழ்ந்த சிவகாமு என்ற பெண்ணின் பெயரையோ எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

அந்த மேடைக்குக் கோலம் போட்டு, வரவேற்புப் பாட்டு பாடி, கடைசியில் நாற்காலிகளை அடுக்கிவைப்பவர்கள் பெரும்பாலும் பெண் ஆசிரியர்கள். அவர்கள் ஆசிரியர் ஆவதற்கு என்னென்ன கடந்து வந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பயிற்சிக் காலத்தின் அழுத்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உடனே நேர மேலாண்மை, மன உறுதி, தியானம் என்று அறிவுரை வந்துவிடுகிறது. நெருக்கடியைத் தாங்குவது அந்தப் பெண்ணின் தனித்திறமை என்பதுபோல. வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

*

1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் பாதையான அது அரக்கோணம் வழியாகத்தான் போனது. அதே ஆண்டில் சென்னையில் அரசு ஒரு நார்மல் ஸ்கூலையும் தொடங்கியது. பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். அது ஆண்களுக்கானது. பெண்களுக்கான அரசு நார்மல் பள்ளி சென்னையில் வர 1870 ஆயிற்று. இங்கிலாந்திலிருந்து 1866இல் வந்த மேரி கார்பெண்டர், பெண் ஆசிரியர்கள் இல்லாமல் பெண் கல்வி நகராது என்று சொல்லிவிட்டுப் போன பிறகுதான் அதுவும் நடந்தது.

ஆனால் அதில் சேர யார் வருவார்கள்? குடும்பங்கள் பத்து, பன்னிரண்டு வயதில் பெண்ணின் படிப்பை நிறுத்தித் திருமணம் செய்துவைத்த காலம். மிஷன் பள்ளிகளில் படித்த கிறித்தவப் பெண்கள் முதலில் வந்தார்கள். பாளையங்கோட்டையில் சாரா டக்கர் பயிற்சிப் பள்ளியும், நம் வட்டாரத்தில் 1853இல் தொடங்கிய அமெரிக்க ஆர்க்காடு மிஷனின் பள்ளிகளும் அப்படித்தான் ஆசிரியைகளை உருவாக்கின. மற்ற வீடுகளின் கதவுகள் மூடியே இருந்தன. 'டீச்சரம்மா' என்ற சொல்லில் இன்று இருக்கும் மரியாதை அன்று கிடையாது. தனியாகத் தெருவில் நடந்துபோய்ச் சம்பளம் வாங்கும் பெண்ணை ஊர் வேறு கண்ணோடுதான் பார்த்தது. புனேயில் 1848இல் கற்பிக்கத் தொடங்கிய சாவித்திரிபாய் பூலேமீது சாணியும் சேறும் வீசினார்கள், அவர் மாற்றுப் புடவை ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்றார் என்பதை நாம் வீரக் கதையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். தினமும் ஒரு புடவையைக் கூடுதலாகத் துவைக்க வேண்டியிருந்த வேலையின் கதையும் அதுதான்.

1882இல் ஹண்டர் கல்விக் குழு நாடு முழுவதும் சாட்சியம் கேட்டது. பள்ளி ஆசிரியர்களின் மனைவிமாரையும் கைம்பெண்களையும் பயிற்சிக்கு ஊக்குவிக்கலாம் என்று அந்தக் குழு சொன்னது. கவனித்துப் பார்த்தால் இதன் கணக்கு புரியும். ஒருத்திக்குத் துணைக்குக் கணவன் அதே பள்ளியிலேயே இருக்கிறான், இன்னொருத்திக்குத் திரும்பிப் போகக் குடும்பமே இல்லை. இரண்டு விதத்திலும் பெண்ணின் வீட்டு வாழ்க்கை அரசுக்குத் தொந்தரவு தராது. இங்கிலாந்தும் இதே கணக்கைத்தான் போட்டது. அங்கே பல ஊர்களில் திருமணமானதும் ஆசிரியை வேலையை விட வேண்டும். அந்தத் தடை 1944 கல்விச் சட்டத்தோடுதான் நீங்கியது. அங்கே மணமாகாதவள், இங்கே கணவனை இழந்தவள். சொந்தமாக எதுவும் கேட்காத பெண்தான் நல்ல ஆசிரியை என்ற எண்ணம் இப்படித்தான் வேர்விட்டது. இன்று நாம் மேடையில் புகழும் 'அர்ப்பணிப்பு' என்ற சொல்லின் அடியில் அது இன்னும் கிடக்கிறது.

அதே குழுவின் முன் பூனாவில் சாட்சி சொன்ன பண்டித ரமாபாய் வேறு இடத்திலிருந்து பேசினார். பயிற்சி பெறும் பெண்கள் கல்லூரி வளாகத்திலோ அதை ஒட்டியோ எல்லா வசதியும் உள்ள பெரிய கட்டடத்தில் தங்க வேண்டும், ஆசிரியைகளின் சம்பளம் ஆண்களுடையதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்றார். உறுதியோடு இரு என்று பெண்களுக்குச் சொல்லவில்லை அவர். கூரையும் காசும் கேட்டார்.

*

முப்பது ஆண்டுகள் கழித்து சென்னையில் அந்தக் கூரையைப் போட்டவர் ஆர். எஸ். சுப்பலட்சுமி. 1886இல் பிறந்தார். பதினொரு வயதில் மணம் முடித்தார்கள், சிறிது காலத்திலேயே கணவன் இறந்துபோனான். தந்தை சுப்பிரமணிய ஐயர் மகளுக்குத் தலையை மழிக்காமல் பள்ளிக்கு அனுப்பினார். மாநிலக் கல்லூரியில் படித்து 1911இல் சுப்பலட்சுமி பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவர்தான்.

1912இல் எழும்பூரில் அவருடைய தந்தையின் வீட்டிலேயே நான்கு இளம் கைம்பெண்களோடு ஒரு விடுதி தொடங்கியது. பெண் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த மிஸ் லிஞ்ச் அரசுத் தரப்பில் துணை நின்றார். வீட்டுத் தரப்பில் நின்றவர் வாலாம்பாள். சுப்பலட்சுமியின் சித்தி. அவரும் சிறு வயதிலேயே கணவனை இழந்தவர். விடுதியின் வீட்டுப் பொறுப்பு அவருடையது. பெண்களின் சாப்பாடு, உடம்பு, மடி, விரதம், அவர்களைப் பார்க்க வரும் உறவினரின் கோபம் எல்லாவற்றையும் அப்படி ஒருவர் கவனித்துக்கொண்டால்தான் அந்தப் பெண்கள் புத்தகத்தைத் திறக்க முடியும். மூத்த கைம்பெண் ஒருவர் ஆசாரம் கெடாமல் வீட்டை நடத்துகிறார் என்ற பெயர் இல்லாவிட்டால் எந்தத் தகப்பன் மகளை அனுப்பியிருப்பான்? சுப்பலட்சுமியைப் பற்றி மோனிகா ஃபெல்டன் எழுதிய புத்தகம் 1966இல் வந்தது. அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சித்தியைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

விடுதி வளர்ந்தது. கடற்கரையில், ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்துவைத்த ஐஸ் ஹவுஸை 1917இல் அரசு எடுத்துக்கொண்டது. விடுதி அங்கே போனது. மங்கலக் காரியங்களில் எதிரே வரக் கூடாது என்று ஒதுக்கப்பட்ட சிறுமிகள் கடற்காற்று வீசும் அந்த வட்டமான கட்டடத்தில் பாடம் படித்தார்கள். 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தது, சுப்பலட்சுமி அதன் முதல்வரானார். பக்கத்தில் நடுக்குப்பத்தில் மீனவர் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கி, ஐஸ் ஹவுஸ் பெண்களை அங்கே கற்பிக்கப் பழக்கினார். பின்னாளில் ஐஸ் ஹவுஸ் ஆசிரியர் பயிற்சி மாணவியரின் விடுதியாகவும் இருந்தது. இன்று அது விவேகானந்தர் இல்லம். அவர் 1897இல் அங்கே ஒன்பது நாள் தங்கியதை அதன் பெயரே சொல்கிறது. அங்கே ஆண்டுக்கணக்கில் தங்கிப் படித்த பெண்களை அந்தப் பெயர் சொல்வதில்லை.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால் அது பாதி உண்மைதான். ஐஸ் ஹவுஸ் பிராமணக் கைம்பெண்களுக்கான விடுதி. வயது வரம்பும் இருந்தது. வயது கடந்த பெண்களுக்காகச் சுப்பலட்சுமியே 1920களில் சாரதா வித்யாலயாவைத் தொடங்க வேண்டியிருந்தது. சாதி வரம்பைக் கடப்பது அதைவிடக் கடினமாக இருந்தது. 1930இல் தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் சிலர் படிக்க இடம் தேடி வந்தபோது நகரின் விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களைத் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். ஒளவை இல்லம் அப்படித்தான் பிறந்தது. நடுக்குப்பத்துப் பள்ளியில் பிராமணப் பெண் கற்பிக்கப் பழகினாள், மீனவப் பெண் கற்கும் இடத்தில் இருந்தாள். அவள் கற்பிக்கும் இடத்துக்கு வர எத்தனை காலமாயிற்று என்பதையும் சேர்த்தே நாம் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். பயிற்சிப் பள்ளியின் வாசலை அடைவதே சிலருக்கு மூன்று தலைமுறை வேலை.

*

என் அம்மா எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இடமும் கிடைத்தது. விடுதியில் தங்க வேண்டும் என்றதும் தாத்தா மறுத்துவிட்டார். 'பொண்ணை ராத்திரி வெளியில விட முடியாது' என்ற ஒரு வாக்கியத்தில் முடிந்தது அம்மாவின் வேலை.

நான் பி.எட். சேர்ந்தபோது அது ஓராண்டுப் படிப்பு. என் மகளுக்குப் பதினோரு மாதம். விடிவதற்குள் சமைத்து, ரயில் பிடித்து, கற்பித்தல் பயிற்சிக்கு ஒதுக்கிய பள்ளிக்குப் போக வேண்டும். திரும்பி வந்தால் பாடக்குறிப்பு, ரெக்கார்டு நோட்டு, சார்ட். ஒருநாள் பால் கட்டிக்கொண்டு வலி தாங்காமல் வகுப்பிலிருந்து எழுந்து போனேன். 'குடும்பத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வரணும்மா' என்றார் ஒரு பேராசிரியர். அவர் கெட்டவர் இல்லை. அவருடைய குடும்பம் வீட்டிலேயே இருந்தது, அதை யாரோ பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

மகளைப் பார்த்துக்கொண்டது அம்மா. ராத்திரி பத்து மணிக்கு மேல் என் சார்ட்டுகளுக்குப் படம் வரைந்ததும் அம்மாதான். தமிழ்நாட்டு ஆறுகள் என்ற சார்ட்டில் அம்மா வரைந்த பாலாற்றைப் பார்த்து, வகுப்பில் எல்லோருக்கும் காட்டச் சொன்னார்கள். என் பெயரில் மதிப்பெண் போட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

*

இப்போது வரும் மாணவியருக்கு எங்களைவிடச் சுமை அதிகம். 2015 முதல் பி.எட். இரண்டாண்டு. கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பிறகு பட்டமும் பயிற்சியும் போதவில்லை, ஆசிரியர் தகுதித் தேர்வும் தேற வேண்டும். தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வில் ஒன்றரை மணி நேரத்தில் 150 கேள்விகள் கேட்டார்கள். மிகச் சிலரே தேறினார்கள். அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து மறுதேர்வு வைத்தார்கள். தகுதித் தேர்வில் தேறினாலும் அரசுப் பணிக்கு இன்னொரு போட்டித் தேர்வு உண்டு என்று 2018இல் ஆணை வந்தது. பட்டியலுக்கும் பணிக்கும் நடுவில் காத்திருக்கும் ஆண்டுகளில்தான் பெண்களுக்குத் திருமணமும் பிரசவமும் வருகின்றன. 'இன்னும் எத்தனை நாள் படிச்சிட்டே இருப்ப?' என்ற கேள்வி எந்த வீட்டில் கேட்காது?

2025 செப்டம்பர் 1 அன்று, ஆசிரியர் தினத்துக்கு நான்கு நாள் முன்னால், உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். ரயிலில் என்னோடு வரும் ஆசிரியை ஒருவருக்கு ஐம்பது வயது. பேரனுக்குப் பால் காய்ச்சி வைத்துவிட்டு வருகிறார். ஜன்னலோரம் உட்கார்ந்து உளவியல் வினா-விடை படிக்கிறார். 'எங்கிட்டப் படிச்ச பையனே எனக்குக் கோச்சிங் எடுக்கிறான் மேடம்' என்று சிரித்தார். பிள்ளைகளுக்குத் தகுதியான ஆசிரியர் வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. ஆனால் அவருக்குப் படிப்பு விடுப்பு உண்டா, பள்ளி நேரத்தில் பயிற்சி உண்டா, வீட்டில் அந்த இரண்டாண்டுக்கு அடுப்படியை யார் பார்ப்பார் என்ற கேள்விகளை யாரும் கேட்கவில்லை.

நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு எழும்பூர் வீட்டில் நான்கு பெண்கள் படிக்க முடிந்தது அவர்களுடைய மன உறுதியால் மட்டுமல்ல. தங்க இடம் இருந்தது, கூடப் படிக்கத் தோழியர் இருந்தார்கள், சித்தி இருந்தார். பயிற்சிக் கல்லூரிகளில் குழந்தைக் காப்பகம், மலிவான விடுதி, காத்திருக்கும் ஆண்டுகளுக்கு உதவித்தொகை, தேர்வுக்குப் படிக்க விடுப்பு என்று நாம் கேட்கும்போது சலுகை கேட்பதாக நினைக்கிறார்கள். ஏதோ ஒரு வீட்டில் ஒரு சித்தியோ அம்மாவோ சம்பளமும் பெயரும் இல்லாமல் செய்து முடித்த வேலையைத்தான் அரசு செய்யட்டும் என்கிறோம்.

அடுத்த செப்டம்பர் 5 அன்று என்னை எந்தப் பள்ளிக்காவது பேச அழைத்தால், திருத்தணிக்காரரைப் பற்றிச் சொல்லிவிட்டு வாலாம்பாளைப் பற்றியும் சொல்வேன். அந்தப் பாலாறு அம்மா வரைந்தது என்பதையும்.