டிராபிகல் கார்டன் பிறந்த ஊர்



நம் பழைய மாணவர் ஒருவர் திண்டுக்கல்லுக்கு வெளியே புது வீடு கட்டுகிறார். வீட்டைச் சுற்றி நாலு சென்ட் இடம் விட்டிருக்கிறார். "சார், டிராபிகல் கார்டன் போடலாம்னு இருக்கேன், என்னென்ன வைக்கலாம்?" என்று கேட்டு ஒரு படமும் அனுப்பினார். படத்தில் ஆந்தூரியம், மான்ஸ்டெரா, ஹெலிகோனியா, தரை முழுக்கப் பெரணி. பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது. வரலாற்று வாத்தியாரிடம் செடியைப் பற்றிக் கேட்டால் இப்படித்தான் ஆகும். எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே போடுகிறேன்.

டிராபிகல் என்றால் வெப்பமண்டலம். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் இருப்பதெல்லாம் அதுதான். திண்டுக்கல் இருப்பது ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சத்தில். அப்படியானால் நம் தெருமுனை வேப்பமரமும் டிராபிகல்தான். ஆனால் அந்தப் படத்தில் வேம்பு இல்லையே, ஏன்?

ஏனென்றால் அந்தத் தோட்டம் பிறந்த ஊர் லண்டன். அங்கே கியூ தாவரவியல் தோட்டத்தில் 1844 முதல் 1848 வரை இரும்பாலும் கண்ணாடியாலும் ஒரு மாளிகை கட்டினார்கள். பனை வகைகளுக்கான வீடு. வெளியே பனி கொட்டும்போது உள்ளே கொதிகலன் வைத்துச் சூடேற்றி, ஈரம் குறையாமல் காத்தார்கள். அதற்குச் சற்று முன்பு, 1829 வாக்கில், நத்தானியேல் வார்டு என்ற லண்டன் மருத்துவர் ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு பாட்டிலில் போட்டு மூடி வைத்திருந்தார். மண்ணில் பெரணி முளைத்துவிட்டது. மூடிய கண்ணாடிக்குள் செடி தன் ஈரத்திலேயே பிழைக்கும் என்று அவருக்குப் புரிந்தது. 1833இல் கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை சிட்னிக்குக் கப்பலில் அனுப்பிப் பார்த்தார். உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதன் பிறகு உலகமெங்கும் இருந்து செடிகள் அந்தப் பெட்டிகளில் பயணம் செய்தன. சீனத் தேயிலை இமயமலைச் சரிவுக்கு வந்ததும் அப்படித்தான்.

குளிர்நாட்டுக்காரர்கள் கண்ணாடிக்குள் வைத்து ரசித்தது மழைக்காட்டுச் செடிகளை. அகன்ற இலை, சொட்டும் ஈரம். அதுவே 'டிராபிகல்' என்று பெயராகிவிட்டது. மான்ஸ்டெராவின் சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா. வருடம் முழுக்க மழை பெய்யும் காடு. நமக்கு வருடத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். தென்மேற்குப் பருவமழையை மேற்கே உள்ள மலைகள் வாங்கிக்கொள்கின்றன. நாமும் வெப்பமண்டலம்தான், ஆனால் காய்ந்த வெப்பமண்டலம்.

உடனே "நாட்டுச் செடி மட்டும் வை" என்று சொல்லப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆயக்குடிக் கொய்யா, சிறுமலைச் சீத்தாப்பழம், கொல்லைப் பப்பாளி, குழம்பு மிளகாய், ஊருக்கே பெயர் வாங்கித் தந்த புகையிலை எல்லாம் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து கடல் தாண்டி வந்தவை. நிலக்கோட்டைச் சந்தையில் குவியும் சம்பங்கி மெக்சிகோக்காரி. சிவன் கோயில்களில் கும்பிடுகிறோமே நாகலிங்க மரம், அதுவே தென் அமெரிக்கா! காகிதப்பூவை 1767இல் ரியோ டி ஜெனீரோவில் பிரெஞ்சுக் கடற்பயணக் குழு கண்டெடுத்து, தன் தளபதி பூகன்வில்லின் பெயரை வைத்தது. இன்று நான்குவழிச் சாலையின் நடுவில் அரளியோடு சேர்ந்து சித்திரை வெயிலில் அது பூத்து நிற்கிறது. நம் மண்ணுக்கு எது தாங்கும் என்று அறிய பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாலே போதும்.

வந்த விருந்தாளிகளில் கெட்டவர்களும் உண்டு. உண்ணிச்செடி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச் செடியாகத்தான் வந்தது. இப்போது மலைக்காடுகளில் புதர்மண்டிக் கிடக்கிறது. ஆகாயத்தாமரையும் அழகுக்கு வந்து குளங்களை மூடியதுதான். விதை பரப்பும் செடி எது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஆக, பார்க்க வேண்டியது அது எவ்வளவு தண்ணீர் கேட்கும் என்பது. 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கும் மேல் பொய்த்தது நினைவிருக்கும். குடிக்கவே லாரித் தண்ணீர் என்ற நிலையில் பெரணிக்கு யார் ஊற்றுவது?

நம் பாட்டிமார் தோட்டம் 'டிசைன்' பண்ணியது தண்ணீரை வைத்துத்தான். துவைகல்லில் இருந்து ஓடும் நீர் வாழைக்கு. பாத்திரம் கழுவுகிற இடத்தில் கறிவேப்பிலை, அதற்குப் புளித்த மோரும் கிடைக்கும். கிணற்றடியில் தென்னை. முருங்கை மட்டும் கொல்லைக் கோடியில். கிளை முறியும், கம்பளிப்பூச்சி வரும். தண்ணீர் போகாத வேலியோரம் அரளி, நந்தியாவட்டை.

எனவே தம்பி, செடி வாங்கும் முன் காகிதத்தில் வீட்டை வரைந்து, வாஷிங் மெஷின் நீர், குளியலறை நீர் எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்று குறித்துக்கொள். கொத்தனார் இருக்கும்போதே குழாயைத் திருப்பினால் செலவு குறைவு. அந்த வாய்க்காலில் வாழையும் கல்வாழையும் வைத்தால் படத்தில் உள்ள அகன்ற இலை உனக்குக் கிடைத்துவிடும். ஆர்.ஓ. கழிவு நீரில் உப்பு அதிகம். தென்னை ஓரளவு தாங்கும், மற்றதற்கு விடாதே. மேற்கு வெயிலை மறைக்கக் கொய்யா, எலுமிச்சை. காம்பவுண்டு மேல் காகிதப்பூ. நாகலிங்கம் வேண்டாம், நாலு சென்ட் அதற்கு ஒரு காலுக்குக்கூடப் போதாது.

குழியை ஆவணியிலேயே வெட்டி ஆறப்போடு. மக்கிய சாணம் போட்டுப் புரட்டாசி கடைசியில் நட்டால் ஐப்பசி மழை வேர் பிடிக்க வைத்துவிடும். ஆந்தூரியம் ஆசை விடவில்லை என்றால் இரண்டே தொட்டி, வடக்குப் பக்க நிழலில்.

உங்கள் பழைய வீட்டுக் கொல்லையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது, அங்கே என்ன நின்றது? நினைவிருப்பவர்கள் கீழே எழுதுங்கள்.