ஹெல்கோலாந்துத் தபால்தலைகளும் மறுஅச்சுகளும்

வடகடலிலுள்ள ஹெல்கோலாந்துத் தீவு 1890-இல் ஜெர்மனியிடம் ஒப்படைக்கப்படும் வரை பிரிட்டனின் ஆட்சியில் இருந்தபோதிலும், 1867 முதல் அங்கு வழங்கிய தபால்தலைகள் பெர்லின் அரசு அச்சகத்திலேயே உருவாயின. ஹாம்பர்க் ஷில்லிங் கணக்கில் தொடங்கிய அவற்றில், 1875 முதல் பென்னி, ஃபென்னிக் என்னும் இரு நாணய மதிப்புகளும் சேர்ந்தே பொறிக்கப்பட்டன. பெரும்பாலானவற்றின் நடுவில் விக்டோரியா அரசியின் தலையுரு புடைப்பாக எழுந்து நிற்கும்.

வழக்கொழிந்த தபால்தலைகளைச் சேகரிப்போர் விரும்பித் தேடியதால், வணிகர்களின் தேவைக்காகப் பெர்லின், லைப்சிக், ஹாம்பர்க் ஆகிய நகரங்களில் அவை அடுத்தடுத்து மறுபடியும் அச்சிடப்பட்டன. மூல அச்சுருவைக் கொண்டு, புழக்கக் காலம் முடிந்தபின் அச்சிடப்படுவது மறுஅச்சு எனப்படும். அஞ்சல் துறைக்குத் தொடர்பற்ற ஒருவர் புதிதாக உருச்செய்து ஏமாற்றும் நோக்கில் அச்சிடுவதே போலி.

போலியில் கோடுகளும் எழுத்துகளும் பிறழ்வதால் மூலத்தோடு ஒப்பிட்டு அதனை இனங்காண இயலும். மறுஅச்சிலோ உருவம் பெரிதும் ஒத்திருப்பதால், தாளின் தன்மை, மையின் நிறச்சாயல், விளிம்பிலுள்ள துளைகளின் நெருக்கம், அரசியின் பிடரிக் கூந்தற்சுருளின் வடிவம் ஆகிய அனைத்தையும் ஒருங்கே ஆராய வேண்டியிருக்கிறது. அஞ்சல் முத்திரையும் போலியாக இருக்கக்கூடுமாதலால், அது மட்டுமே சான்றாகாது.