லைன் எப்படி லயம் ஆச்சு?

'லைன்' என்ற சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்? 2022-ல் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் லைன்ல நின்றோம். கோல் எடுத்தால் லைன் கிடைக்காது. காற்றடித்தால் கரண்ட் லைன் அறுந்துபோகும். ஒருத்தன் ஒருத்தி பின்னால் சுற்றினால் 'லைன் போடுறான்' என்போம். ஆனால் ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் இதே சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருக்கிறது: வீடு.

இலத்தீனில் 'லினேயா' என்றால் ஆளிச்செடி நாரில் திரித்த நூல். நூலைப் பிடித்து இழுத்தால் நேர்கோடு. கோட்டில் நிறுத்தினால் வரிசை. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவம், சிப்பாய்களின் குடிசை வரிசையை 'லைன்ஸ்' என்றது. டெல்லியில் 'சிவில் லைன்ஸ்' என்ற பகுதி இன்றைக்கும் இருக்கிறது. அது துரைமார் குடியிருந்த இடம். இங்கே கோப்பித் தோட்டம் போட்ட துரைமார், தமிழ்நாட்டில் இருந்து கூட்டிவந்த ஆட்களை அடைத்த அறை வரிசைக்கும் அதே பெயரை வைத்தார்கள்.

1867-ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரயில் தேயிலை நட்டார். 1869-ல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது. கோப்பி போய் தேயிலை வந்தது, லைன் அப்படியே நின்றது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவில் ஒரு காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, ஒரே கூரை. ஒரு காம்பராவில் ஒரு குடும்பம்.

'பரேட்' பிரட்டு ஆன மாதிரி, 'லைன்' நம்ம ஆட்கள் வாயில் லயன் ஆகி, லயம் ஆனது. பாட்டில் வரும் லயத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. காம்பரா போர்த்துக்கீசச் சொல், இஸ்தோப்பு டச்சுச் சொல், லயம் இங்கிலீஷ். இலங்கையை ஆண்ட மூன்று பேரும் எங்க வீட்டுக்குள்ள இருக்கிறார்கள்!

ஆனாலும் மேட்டு லயம், பணிய லயம் என்று எங்கள் சனம் பெயர் வைத்துச் சொந்தமாக்கிக் கொண்டது. பிள்ளை பிறந்ததும், கலியாணம் நடந்ததும், காமன் கூத்துக்குக் கூட்டம் சேர்ந்ததும் இங்கேதான். வெறும் வரிசை, மனுசர் வாழ்ந்து வாழ்ந்து ஊரானது.

சட்டத்துக்கு மட்டும் அது வரிசையாகவே இருந்தது. 1948-ன் பிரஜாவுரிமைச் சட்டம் லயத்தில் இருந்தவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-ல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 1975-ல் கம்பனித் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992-ல் நிர்வாகம் திரும்பவும் கம்பனிகளுக்கு வந்தது. தோட்டம் கை மாறிக்கொண்டே இருந்தது. காம்பரா மட்டும் அதில் இருந்தவர் பெயருக்கு மாறவில்லை.

1987-ன் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை செலவு செய்வதைத் தடுத்தது. வோட்டு உண்டு, ரோட்டு இல்லை. அதைத் திருத்த 2018 வரை ஆனது. தபாலும் வீட்டுக்கு வராது, தோட்டத்து ஒஃபீசுக்குத்தான் வரும். நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி முடிந்தபிறகு கைக்கு வந்த பிள்ளைகளை நமக்கே தெரியும்.

2014 ஒக்டோபர் 29, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. வரிசையாகக் கட்டியது வரிசையாகவே போனது.

இப்போது 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு வருகிறது. இந்திய வீட்டுத் திட்டத்தில் முதலில் 4,000 வீடுகள். 2017-ல் நோர்வூட்டில் மோடி இன்னும் 10,000 அறிவித்தார். ஆனாலும் லயத்திலேயே இருக்கும் குடும்பங்கள் இன்னும் ஏராளம்.

கொழும்புக்கு வேலைக்குப் போன நம்மில் பலர் 'லயம்' என்று சொல்லக் கூச்சப்படுகிறோம். 'குடியிருப்பு' என்று மாற்றிச் சொல்கிறோம். கூச்சப்பட வேண்டியது நாங்கள் இல்லை. நூற்றைம்பது வருசம் ஒரு சமூகத்தைக் கோட்டில் நிறுத்தி வைத்தவர்கள்தான். சொல்லை மாற்றுவது லேசு. வீட்டுக்கு ஒரு இலக்கமும், அந்த வீட்டில் இருப்பவர் பெயரில் காணி உறுதியும் வேண்டும். அது கிடைத்தபிறகு லயம் என்ற சொல்லை நாங்களே பத்திரமாக வைத்துக்கொள்வோம், வரலாறாக.