சுமையோடு செல்லும் சுமைதாங்கி

யாழ்ப்பாணத்துப் பழைய வீதியோரங்களிற் சுமைதாங்கிக் கற்களை இன்றும் சிற்சில இடங்களிற் காணலாம். தலைச்சுமையோடு நெடுந்தூரம் நடந்து வந்தவன் பிறர் துணையின்றி அச்சுமையை இறக்கி இளைப்பாறவும், மீண்டும் தானே ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் அவை நாட்டப்பெற்றன. சுமை வரும், போகும். கல் நின்ற இடத்தில் நிற்கும். ஆகவே அக்கல்லுக்கு ஆன செலவு ஒரே தடவை ஆன செலவாகும். இருபதாம் நூற்றாண்டின் வணிகம் வேறொரு சுமைதாங்கியை ஆக்கிக்கொண்டது. அது நின்ற இடத்தில் நிற்பதன்று. சுமையோடு தானும் புறப்பட்டுப் போவது. துறைமுகத்துத் தொழிலாளர் அதனைப் பலட்டு என்பர்.

பலட்டு என்பது பெரியதொரு பொறியன்று. மேலே சில பலகைகள், கீழே சில பலகைகள், இடையே கட்டைகள், அவ்வளவே. அந்த இடைவெளியினுள் போர்க்லிப்ட் வண்டி தன் இரு இரும்பு நாக்குகளை நீட்டி, ஐம்பது அறுபது பெட்டிகளை ஒரே பாரமாக ஏந்திச் செல்லும். கொழும்பிலிருந்து ஒரு காலத்தில் மரப்பெட்டிகளிற் சென்ற தேயிலை, பின்னர் காகிதச் சாக்குகளில், பலட்டுக்களின் மீது அடுக்கப்பெற்றுக் கொள்கலன்களில் ஏறலாயிற்று. பெட்டியைப் பற்றியும் கப்பலைப் பற்றியும் எழுதியோர் பலர். அடியிற் கிடந்த பலகையை நோக்கியோர் சிலரே.

ஐக்கிய அமெரிக்காவில் 1931ஆம் ஆண்டு புகையிரதத் துறை இதழொன்று ஓர் ஒப்பீட்டை வெளியிட்டது. தகரத்திலடைத்த உணவுப் பெட்டிகள் 13,000 கொண்ட ஒரு பெட்டியைக் கைகளால் இறக்க மூன்று நாட்கள் சென்றன. அதே சரக்கைப் பலகைத் தட்டுக்களில் ஏற்றி அனுப்பியபோது நான்கு மணித்தியாலம் போதுமாயிற்று. பின்னர் இரண்டாம் உலக மகாயுத்தம் வந்தது. பசுபிக் சமுத்திரத்தின் தீவுகளெங்கும் படைக்கலமும் உணவும் கொண்டுசென்ற அமெரிக்கப் படையினர் பலட்டினைப் பேரளவிற் பயன்படுத்தினர்.

யுத்தம் முடிந்து அவர்கள் திரும்பியபோது அவுஸ்திரேலியாவில் விட்டுச்சென்ற பொருட்களுள் போர்க்லிப்ட் வண்டிகளும் பலட்டுக் குவியல்களும் இருந்தன. அவற்றை என் செய்வது? அவுஸ்திரேலிய அரசு அவற்றைத் துண்டுதுண்டாக விற்றுவிடவில்லை. ஒரு பொதுத் தொகுதியாக வைத்துத் தேவைப்பட்டோர்க்கு வாடகைக்கு விட்டது. அத்தொகுதியின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களே 'செப்' எனும் பெயராயின. 1958இல் பிராம்பிள்ஸ் என்னும் கொம்பனி அதனை அரசிடமிருந்து வாங்கிற்று. நீலவண்ணம் பூசிய அப்பலட்டுக்கள் 1990இல் அமெரிக்கச் சந்தையினுள்ளும் நுழைந்தன. ஐரோப்பியப் புகையிரத நிர்வாகங்கள் 1961இல் வேறு வழி கண்டன. 800 மில்லிமீற்றர் அகலமும் 1200 மில்லிமீற்றர் நீளமும் உடைய ஒரே அளவான பலட்டைச் செய்து, சரக்கேற்றிய ஒன்றைக் கொடுத்தவன் வெறும் பலட்டு ஒன்றைப் பதிலாகப் பெற்றுச் செல்க என விதித்தன. பலட்டு திரும்பி வந்தாலன்றி அதன் விலை தாங்காது என்பதை இருசாராரும் பிளாஸ்ரிக் பலட்டு தோன்றுமுன்னரே உணர்ந்திருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

மரத்தின் குறைகள் பலரும் அறிந்தவை. ஆணி கழன்று சாக்கைக் கிழிக்கும், மழையில் நனைந்து பாரமேறும், பூஞ்சணம் பிடிக்கும். 2009, 2010ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் டைலனோல் என்னும் மாத்திரைப் போத்தல்களிற் புழுங்கிய நாற்றம் வீசுவதாக முறைப்பாடுகள் எழுந்து, அவை சந்தையினின்றும் மீளப் பெறப்பட்டன. மரப் பலட்டுக்கு இட்ட இரசாயனம் ஒன்றிலிருந்து அந்நாற்றம் பிறந்ததெனக் கண்டனர்.

இதனினும் பெரிய கேடு மரத்தினுள் ஒளிந்திருந்தது. 1996இல் நியூயோர்க் நகரின் புறூக்லின் பகுதியில் மேப்பிள் மரங்களைத் துளைக்கும் ஆசிய நெடுங்கொம்பு வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. சீனாவிலிருந்து வந்த பொதிமரங்களில் அது கடல் கடந்திருந்தது. அதனை ஒழிக்க ஆயிரக்கணக்கான நிழல்மரங்களை வெட்ட நேர்ந்தது. ஒரு பலகையின் விலை அதனைச் செய்த தச்சனிடம் கொடுத்த காசு மாத்திரமன்று என்பதை அந்நகரத்தார் தம் வீதிகளிலேயே கண்டனர். 2002இல் சர்வதேசத் தாவரப் பாதுகாப்புச் சமவாயத்தின் கீழ் ஒரு விதி வகுக்கப்பட்டது. நாடுவிட்டு நாடு செல்லும் பொதிமரம் உள்ளீடு வரை 56 பாகை செல்சியசு வெப்பத்தில் 30 நிமிடம் இருத்தல் வேண்டும். அன்றேல் மெதைல் புரோமைட்டு வாயு ஊட்டப்பெறுதல் வேண்டும். முத்திரையும் பெறுதல் வேண்டும். அவ்வாயுவோ ஓசோன் படைக்குப் பகை.

பிளாஸ்ரிக் பலட்டுக்கு இவ்விதியின் தொல்லை இல்லை. 1953இல் ஜெர்மானிய அறிஞர் கார்ல் சீக்ளர் தாழ்ந்த அமுக்கத்திலேயே கெட்டியான பொலியெதிலீனை ஆக்கும் வழியைக் கண்டார். அடுத்த ஆண்டிலேயே இத்தாலியரான ஜூலியோ நாத்தா பொலிபுரொப்பிலீனைக் கண்டார். 1963இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இவ்விரு பொருள்களுமே பிளாஸ்ரிக் பலட்டின் உடல். இவற்றில் வார்த்த பலட்டில் ஆணி இல்லை, வண்டு புகாது, நீர் ஊறாது, கழுவலாம். அளவும் எடையும் என்றும் மாறா. ஆயினும் குறை அற்றதென்று கொள்ளற்க. நெடுநாட் பாரத்தின் கீழ் அது மெல்லத் தொய்யும். ஆகவே உள்ளே உருக்குச் சட்டம் வைப்பதுண்டு. தீப்பற்றின் மரத்தினும் உக்கிரமாக எரியும். மரப் பலட்டில் ஒரு பலகை முறிந்தாற் சுத்தியலும் நான்கு ஆணியும் போதும். பிளாஸ்ரிக் பலட்டின் கால் வெடித்தால் அரைத்து உருக்கி மறுபடி வார்ப்பதே பெரும்பாலும் வழி. விலையோ மரத்தினும் பன்மடங்கு.

அவ்விலை தகுமா என்பதே வினா. உண்மை விலைகள் அல்லவாயினும், ஒரு சிறு கணக்கிட்டுப் பார்க்கலாம். மரப் பலட்டு 400 ரூபா, பத்துப் பயணம் உழைக்கும். பிளாஸ்ரிக் பலட்டு 1600 ரூபா, எண்பது பயணம் உழைக்கும் எனக் கொள்க. பயணமொன்றுக்கு மரத்துக்கு 40 ரூபா, பிளாஸ்ரிக்குக்கு 20 ரூபா. வாங்குவோன் மகிழ்வான். இனி, ஒவ்வொரு பயணத்திலும் நூற்றுக்கு ஐந்து பலட்டுத் திரும்பி வராமற் போகின்றது எனக் கொள்க. மரப் பலட்டின் சராசரி ஆயுள் பத்திலிருந்து எட்டாகக் குறையும். பிளாஸ்ரிக் பலட்டின் ஆயுளோ எண்பதிலிருந்து இருபதுக்குச் சரியும். முன்னதற்கு 50 ரூபா, பின்னதற்கு 80 ரூபா. பொருள் உறுதி குன்றவில்லை, ஒன்றும் முறியவில்லை, ஐந்து விழுக்காடு தொலைந்தமையே கணக்கைத் தலைகீழாக்கிற்று. குறுகிய ஆயுளுடையது தொலைந்தால் இழப்புச் சிறிது. நீண்ட ஆயுளுடையது தொலைந்தால் அதன் எஞ்சிய ஆயுளெல்லாம் உடன் தொலைகின்றது.

அமெரிக்காவில் இக்கணக்கு ஏட்டளவில் நில்லாது நடந்தேறியது. செப் நிறுவனத்தில் உயர்பதவி வகித்த ஒருவரின் தலைமையில் 2006இல் 'ஐஜிபிஎஸ்' எனும் கொம்பனி தோன்றிற்று. முழுவதும் பிளாஸ்ரிக் பலட்டுக்களை வாடகைக்கு விடுவதே அதன் தொழில். ஒவ்வொன்றும் 50 இறாத்தலுக்குக் குறைந்தது. மரத்தாலான வாடகைப் பலட்டோ 65 இறாத்தல் அளவினது. லொறிக்கு எரிபொருள் மிச்சம் என்றனர். எங்கே போயினும் கண்டறிய ஒவ்வொன்றின் உள்ளும் வானொலி அலையால் அடையாளம் சொல்லும் சிறு சில்லுப் பதிக்கப்பட்டது. தீயைத் தணிக்கச் சேர்த்த டெக்கா எனும் புரோமின் சேர்வை உடலுக்கும் சூழலுக்கும் ஊறு தருமெனக் கண்டனம் எழுந்தது. மேய்ன் மாநிலம் 2010இல் பலட்டுக்களில் அதனைத் தடை செய்யச் சட்டம் இயற்றிற்று. 2017இல் அச்சேர்வை ஸ்ரொக்ஹோம் சமவாயத்தின் தடைப்பட்டியலிற் சேர்ந்தது.

அதனினும் கடுமையான இடர் பலட்டுக்கள் தவறிப்போனமை. மரப் பலட்டைத் திருடுவோன் அதனைப் பலட்டாகவே விற்பான். ஒருநாள் அது உரியவரிடம் மீளவுங்கூடும். பிளாஸ்ரிக் பலட்டைத் திருடுவோன் அரைத்துத் தூளாக்கி மூலப்பொருளாக விற்றுவிடுவான். தூளுக்குச் சொந்தக்காரன் பெயர் ஏது? சில்லும் அதனோடு அரைந்து போகும். லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியிற் பலட்டையும் பாற்பெட்டியையும் இவ்வாறு அரைப்போரைப் பிடிக்கப் பொலீசார் தனிப்பிரிவே அமைத்தனர். 2013ஆம் ஆண்டு யூன் மாதம் அக்கொம்பனி கடனிறுக்க வகையற்று நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடிற்று. புதிய உடைமையாளர் வாங்கி அதனை மீண்டும் நடத்தலாயினர்.

ஒரே தொழிற்சாலைக்கும் அதன் களஞ்சியத்துக்கும் இடையே போய் வருவதற்கும், மருந்து, இறைச்சி, பால் முதலியவற்றைக் கையாளும் இடங்களுக்கும் பிளாஸ்ரிக் பலட்டு நன்றாகவே உழைக்கின்றது. அங்கே வெளியே போவது மாலையில் மீள்கின்றது. மேற்பார்ப்பவன் ஒருவன் எண்ணிக் கொள்கின்றான். முன்பின் அறியாத ஊருக்கு ஒரே தடவை அனுப்பி மறந்துவிடும் சரக்குக்கு இன்றும் மரமே மலிவு.

திரும்பாத மரப் பலட்டு அடுப்பில் எரியும், அன்றி மண்ணில் உக்கும். பிளாஸ்ரிக் உக்குவதில்லை. 2021ஆம் ஆண்டு மே மாதம் கொழும்புக்கு அணித்தாகத் தீப்பற்றி, யூன் மாதம் மூழ்கிய எக்ஸ்பிறஸ் பேர்ள் கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கடலிற் கொட்டின. அவற்றுட் பெரும்பாலானவை பொலியெதிலீன். பலட்டும் பெட்டியும் வார்க்கும் ஆலைகள் வாங்குகின்ற அதே இனத்துப் பொருள். நீர்கொழும்புக்குத் தெற்கே சறக்குவக் கரையில், கப்பல் மூழ்கிய மறு ஆண்டிலும் கூலிப்பெண்கள் மணலைச் சல்லடையிலிட்டு அம்மணிகளை அரித்தெடுத்துக்கொண்டிருந்தனர்.